நார்ஃபோக் ஆவணங்களில் தொழில்களின் பெயர்களைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் கிழக்குக் கடலோரக் கவுண்டியான நார்ஃபோக்கின் பழைய பாரிஷ் (தேவாலயத்தை மையமாகக் கொண்ட ஊர்ப்பிரிவு) பதிவேடுகளையும் எஸ்டேட் கணக்குகளையும் பத்தொன்பது ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். தம் முன்னோரின் பிழைப்பு என்னவாக இருந்தது என்று அறிய விரும்பிப் புதிதாக வருவோர் சிலருக்கு, வாரத்தில் ஒரு மாலை உடனிருந்து உதவுகிறேன். சென்ற மாதம் அவர்களுள் மூவர், ஒருவரையொருவர் கலந்து பேசாமலேயே, நான் தொடக்கத்தில் செய்த அதே பிழையைச் செய்துகொண்டு வந்து நின்றபோது, இதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. பழைய கையெழுத்தைத் தவறாகப் படிப்பது, ஒரே பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டு குழம்புவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை பழக்கத்தில் தாமே சரியாகிவிடும். எழுத்தைச் சரியாகப் படித்த பிறகும் பொருளைத் தவறவிடும் இடங்களைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

'சர்வண்ட்' என்றவுடன் மாளிகைக்குள் அனுப்பிவிடுவது

எனக்கு மிக அதிகமாக இழப்பை உண்டாக்கிய தவறு இது. இன்றும் யாராவது இதைச் செய்யக் கண்டால் மனம் பொறுப்பதில்லை.

வட நார்ஃபோக்கில் ஒரு பெரிய மாளிகையை ஒட்டிய பாரிஷில், 1790-களில் எழுதப்பட்ட ஓர் இருப்புரிமை விசாரணைத் தாள் எனக்குக் கிடைத்தது. வறுமையுற்ற ஒருவருக்கு எந்த பாரிஷ் உதவ வேண்டும் என்பதை முடிவுசெய்ய, இரண்டு நீதிபதிகள் அவரை உட்காரவைத்து அவருடைய வாழ்க்கை வரலாற்றைக் கேட்டு எழுதுவித்த தாள் அது. தாம் இளைஞனாக இருந்தபோது மைக்கேல்மஸ் என்னும் கிறிஸ்தவத் திருநாள் தொடங்கி ஓராண்டுக்கு 'சர்வண்ட்' (பணியாளர்) ஆக அமர்ந்ததாகவும், அந்த ஆண்டை முழுமையாக முடித்ததாகவும் அவர் சொல்லியிருந்தார். விசாரணை நடந்தபோது அவர் மணமாகி, நாட்கூலியாக இருந்தார். நான் அந்தச் சொல்லை வீட்டுப் பணியாளர் என்று எடுத்துக்கொண்டேன். மாளிகை அருகிலேயே இருந்ததால், அங்கேதான் சீருடை அணிந்த சேவகராக இருந்திருப்பார் என்று கொண்டேன். மாளிகைச் சேவகர் ஏன் வயலில் கூலிவேலைக்கு வந்தார் என்ற கேள்விக்கு, வேலையிலிருந்து விலக்கப்பட்டிருக்க வேண்டும் என்று விடையும் எழுதினேன். மாளிகையின் சம்பளப் பேரேடுகளில் அவர் பெயரைத் தேடி ஏறக்குறைய ஓராண்டு கழிந்தது. பெயர் கிடைக்கவில்லை. ஏடுகள் முழுமையாக எஞ்சவில்லை என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து, கட்டுரையை முடித்து அவருடைய வழிவந்த குடும்பத்தாரிடம் கொடுத்தேன். அவர்கள் அதைச் சிறு நூலாக அச்சிட்டு உறவினர்களுக்கெல்லாம் வழங்கினார்கள்.

நான் விசாரணைத் தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தது இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான். அவரை அமர்த்தியவர் பெயரோடு 'ஃபார்மர்' (விவசாயி) என்ற சொல் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அவர் எந்த மாளிகையிலும் வேலை செய்யவில்லை. அவர் உழவு வேலைக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் அமர்ந்து, எசமானரின் வீட்டிலேயே உண்டு உறங்கிய பண்ணைப் பணியாளர். விலக்கப்பட்டார் என்று நான் எழுதியது முழுக்கப் பொய்யாயிற்று. குடும்பத்தாருக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். ஆனால் அந்த நூலைப் படித்து, தம் முன்னோர் ஏதோ குற்றம் செய்து வெளியேற்றப்பட்டவர் என்று வருந்திய முதியவர் ஒருவர் அதற்குள் காலமாகிவிட்டார்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், இந்தத் தவறு ஒரு சொல்லோடு நிற்பதில்லை என்பதுதான். 18-ஆம் நூற்றாண்டு வரை ஆங்கிலேயக் கிராமங்களில் இளைஞர்களும் இளம்பெண்களும் பதின்வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, ஆண்டுக்கு ஒரு பண்ணையாக மாறி மாறி வேலைசெய்து, இருபதுகளின் நடுவில் கையில் சிறிது சேமிப்போடு மணம் முடிப்பது வழக்கமான வாழ்க்கைப் பாதையாக இருந்தது. மணமான பிறகு எசமானர் வீட்டில் தங்க இயலாது. ஆகவே குடிசை ஒன்றை வாடகைக்குப் பிடித்து நாட்கூலியாகிவிடுவார்கள். இருபது வயதில் 'சர்வண்ட்', முப்பது வயதில் 'லேபரர்' (கூலியாள்) என்று ஒருவரே எழுதப்படுவது அவருடைய வயதையும் திருமணத்தையும் காட்டுகிறது, வீழ்ச்சியைக் காட்டவில்லை. இதை அறியாத சிலர், ஒரே மனிதரை இருவராகப் பிரித்து இரண்டு குடும்ப மரங்களில் தொங்கவிட்டுவிடுகிறார்கள்.

சட்டமும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த சட்டப்படி, பிள்ளையில்லாத மணமாகாத ஒருவர் ஓராண்டுக்கு அமர்த்தப்பட்டு அந்த ஆண்டை முழுமையாக முடித்தால், அந்த பாரிஷில் அவருக்கு இருப்புரிமை பிறந்துவிடும். பிற்காலத்தில் அவர் நொடிந்துபோனால் அந்த ஊரே வரி திரட்டி அவரைத் தாங்க வேண்டும். இந்தச் சுமைக்கு அஞ்சிய விவசாயிகள் பலர் 51 வாரங்களுக்கு மட்டும் ஆள் அமர்த்தினார்கள். ஆகவே விசாரணைத் தாளில் ஒரு வாரம் குறைந்திருந்தால் அதை எழுத்தரின் பிழை என்று தள்ளிவிடக் கூடாது. அந்தக் குறைந்த வாரத்தால் ஒருவர் தம் முதுமையில் எந்த ஊருக்குத் துரத்தப்படுவார் என்பது முடிவாகிவிடும். இவ்வகையில் புதிதாக உரிமை பெறும் வழி 1834-ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டத்தோடு நின்றுபோயிற்று.

ஆளை ஆண்டுக்கு அமர்த்தி வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் இந்த வழக்கம் நார்ஃபோக்கில் அதற்கு முன்பே தேயத் தொடங்கியிருந்தது. பிரெஞ்சுப் போர்க்காலத்தில் தானிய விலை உயர்ந்தபோது, வேலையாட்களுக்குத் தம் மேசையில் சோறு போடுவதைவிடக் காசைக் கூலியாகக் கொடுத்து அனுப்புவது விவசாயிகளுக்கு மலிவாக இருந்தது. வடக்கே கம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து, யார்க்‌ஷயரின் கிழக்குப் பகுதி ஆகிய இடங்களில் 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் அந்த ஆண்டு ஒப்பந்த வழக்கம் தொடர்ந்தது. எனவே 'சர்வண்ட்' என்ற ஒரே சொல்லை 1750-க்கும் 1850-க்கும், நார்ஃபோக்குக்கும் யார்க்‌ஷயருக்கும் ஒரே பொருளில் எடுத்துக்கொள்ளலாகாது.

இப்போது நான் அந்தச் சொல்லைக் கண்டால் முதலில் அமர்த்தியவர் யார் என்று பார்க்கிறேன். பிறகு ஒப்பந்தம் தொடங்கிய நாளைப் பார்க்கிறேன். மைக்கேல்மஸ் என்பது செப்டம்பர் 29. 1752-இல் நாட்காட்டி மாறிய பின்னும் பல பண்ணைகள் பழைய கணக்கையே பற்றிக்கொண்டு அக்டோபர் 10 அல்லது 11-இல் ஆள் மாற்றின. அறுவடை முடிந்து ஆள் மாறும் அந்த நாளில் தொடங்கும் ஒப்பந்தம் பெரும்பாலும் பண்ணை வேலையையே சுட்டும். பெண்களைப் பொறுத்தவரை எல்லை இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. பண்ணை வீட்டில் அமர்ந்த பெண் பால் கறந்து, வெண்ணெய் கடைந்து, பாலாடைக்கட்டி பிழிந்து, அதே நாளில் வீட்டையும் பெருக்கியிருப்பார். அவரை உள்ளே என்றோ வெளியே என்றோ பிரிக்க முயல வேண்டாம்.

தமிழில் எழுதுவோருக்கு மேலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இவர்களைப் 'பண்ணையாள்' என்று மொழிபெயர்க்கக் கை துடிக்கும், நானும் எழுதியிருக்கிறேன். தலைமுறைக் கடனும் சாதிக் கட்டும் நிறைந்த அந்தச் சொல், ஆண்டு முடிந்ததும் வேறு எசமானரைத் தேடிப் போகக்கூடிய ஓர் இளைஞருக்குப் பொருந்தாது. 'ஆண்டு ஒப்பந்தப் பண்ணைப் பணியாளர்' என்று நீளமாக எழுதினாலும் பரவாயில்லை.

1841-இன் 'எஃப்.எஸ்.'

1841-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தச் சுருக்கத்துக்குப் பெண் பணியாளர் (Female Servant) என்று பொருள். பண்ணைப் பணியாளர் (Farm Servant) அன்று.

மனைவியின் பெயருக்கு எதிரே உள்ள வெற்றிடத்தை நம்புவது

1841-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், மனைவியரின் தொழிலையும், கூலி பெறாமல் பெற்றோருக்கு உதவும் பிள்ளைகளின் தொழிலையும் எழுத வேண்டியதில்லை என்று கணக்கெடுப்பாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. எழுதச் சொல்லாததால் எழுதவில்லை, அவ்வளவே. அதன் பிறகு 1851 முதல் 1911 வரை நடந்த கணக்கெடுப்புகள் எல்லாம் மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ எடுக்கப்பட்டவை. களையெடுப்பும், டர்னிப் பயிரை இடைவெளிவிட்டுக் கலைப்பதும், அறுவடையும் அதற்குப் பின்னர் வருபவை. பருவ வேலைக்குப் போன பெண்கள் அந்த ஏட்டில் தொழிலற்றவர்களாகத் தெரிவதற்கு இது போதும்.

காசில் ஏக்கர் என்ற நார்ஃபோக் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியிருந்த பாரிஷ்களில் ஓரிரு நிலக்கிழார்களே எல்லாவற்றையும் வைத்திருந்ததால், ஏழைவரிச் சுமை கூடாதிருக்கக் குடிசைகளைக் கட்டுப்படுத்தினார்கள். இடம் கிடைக்காதவர்கள் காசில் ஏக்கரில் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். அங்கிருந்து பெண்களும் சிறுவரும் ஒரு மேஸ்திரியின் கீழ் கூட்டமாகப் பல மைல்கள் நடந்துபோய்க் கல் பொறுக்கினார்கள், களை பிடுங்கினார்கள். இந்தக் கூட்டங்களின் நிலை நாடு முழுவதும் பேசப்பட்டு, 1867-இல் சட்டம் வந்தது: எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைச் சேர்க்கக் கூடாது, ஆணும் பெண்ணும் ஒரே கூட்டத்தில் கூடாது, மேஸ்திரிக்கு உரிமம் வேண்டும். தடுக்கச் சட்டம் தேவைப்படும் அளவுக்குப் பரவியிருந்த உழைப்பு, குடும்ப ஏட்டில் ஒரு வெற்றிடமாக நிற்கிறது. பண்ணைகளின் கூலிக் கணக்கு எஞ்சியிருந்தால் அதைப் பாருங்கள். அரை நாள், முக்கால் நாள் என்று பெண்களின் பெயர்கள் வாரந்தோறும் வரும்.

கேம்கீப்பர் பட்டியலில் உள்ளவர்களையெல்லாம் காவலர் என்று கொள்வது

நான் முதன்முதலில் கேம்கீப்பர் (வேட்டைக் காவலர்) பட்டியலைப் பார்த்தபோது, பாதிரியார் ஒருவர் வேட்டைக் காவலராக இருப்பதைக் கண்டு நாள் முழுவதும் திகைத்தேன். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சட்டம், ஒவ்வொரு மேனருக்கும் (நிலக்கிழாரின் உரிமைக்கு உட்பட்ட நிலப்பகுதி) வேட்டை விலங்குகளைக் கொல்லும் அதிகாரம் பெற்ற ஒரே ஒரு காவலரை நியமித்து, அவர் பெயரைக் கவுண்டியின் நீதிமன்ற எழுத்தரிடம் பதிவுசெய்ய வேண்டும் என்றது. அன்று வேட்டையாடும் உரிமைக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் போன்ற தகுதி வேண்டும். அந்தத் தகுதியில்லாத நண்பருக்கோ உறவினருக்கோ துப்பாக்கி ஏந்தும் உரிமை அளிக்க, மேனர் உடைமையாளர்கள் அவரையே காவலராக நியமித்துப் பதிவுசெய்தார்கள். 1831-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தகுதியை நீக்கும் வரை இது நடந்தது. பெயரோடு 'ஜென்டில்மேன்' என்றிருந்தால் அவர் இரவில் காட்டைச் சுற்றிக் காவல் காத்தவர் அல்லர். காவல் காத்தவரை எஸ்டேட் சம்பளக் கணக்கில் தேடுங்கள்.

ஸ்டூவர்டும் பெய்லிஃபும்

மாளிகைக்குள் பணியாளர்களை மேற்பார்த்தவரும் ஸ்டூவர்டே. பல்லாயிரம் ஏக்கர் நிலத்துக்குக் குத்தகை எழுதியவரும் ஸ்டூவர்டே. நார்ஃபோக்கின் ஹோல்கம் எஸ்டேட்டில் 1816 முதல் 1832 வரை அப்பதவியில் இருந்த ஃபிரான்சிஸ் பிளெய்க்கி, குத்தகை நிபந்தனைகள் முதல் பயிர்ச் சுழற்சி வரை வகுத்த நில நிர்வாகி. பெய்லிஃப் பண்ணை மேற்பார்வையாளராகவும் இருக்கலாம், கடனுக்குப் பொருளைப் பறிமுதல் செய்ய வந்த நீதிமன்ற ஊழியராகவும் இருக்கலாம். அடுத்த சொல்லைப் படிக்காமல் முடிவுசெய்ய வேண்டாம்.

ஒருவருக்கு ஒரு தொழில் என்று நினைப்பது

இறந்தவரின் உடைமைப் பட்டியல்கள் இந்த எண்ணத்தை விரைவில் கலைத்துவிடும். கொல்லர் என்று தலைப்பிட்ட பட்டியலில் உலைக்களக் கருவிகளுக்குப் பிறகு பசுக்களும், களஞ்சியத்தில் பார்லியும் வரும். நெசவாளர் என்ற பட்டியலில் தறியோடு கலப்பையும் வரும். உயிலில் ஒருவர் தம்மை 'யோமன்' (ஓரளவு வசதியுள்ள விவசாயி) என்று எழுதுவித்திருப்பார். அவர் இறந்த பின் பொருள்களை மதிப்பிட்ட அண்டை வீட்டார் 'ஹஸ்பண்ட்மேன்' (சிறு விவசாயி) என்று ஒரு படி இறக்கி எழுதியிருப்பார்கள். யார், யாருக்காக, எதற்கு எழுதினார் என்று கேட்காமல் இவ்விரண்டில் எது உண்மை என்று வாதிடுவதில் பயனில்லை.

வணிகக் கையேட்டில் பெயர் இல்லாவிட்டால்

ஊர்களின் வணிகர், கைவினைஞர் பெயர்களைத் தொகுத்த அந்தக் கையேட்டில் கூலியாட்களைச் சேர்ப்பதில்லை.

1752-க்கு முந்தைய ஜனவரி, பிப்ரவரி

அன்று இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. ஆகவே இந்த மாதங்கள் முந்தைய ஆண்டின் எண்ணிலேயே எழுதப்பட்டிருக்கும். பயிற்சி ஒப்பந்தத்தின் காலத்தைக் கணக்கிடும் முன் ஆண்டைச் சரிசெய்யுங்கள்.

அகராதிப் பொருளைக் கவுண்டிக்குக் கவுண்டி சுமந்து செல்வது

'நேக்கர்' என்ற சொல்லுக்கு இன்றைய அகராதி, கிழட்டுக் குதிரைகளை வாங்கிக் கொல்பவர் என்று பொருள் தரும். நார்ஃபோக்கிலும் சஃபோக்கிலும் பழைய வழக்கில் அவர் வண்டிக் குதிரைகளுக்குக் கழுத்துப்பட்டையும் சேணமும் செய்த தொழிலாளர். ஊரில் மதிப்போடு இருந்தவர். 'ஹைண்ட்' நார்தம்பர்லாந்தில் ஆண்டு ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு குடிசை பெற்ற உழவர்; வயல்வேலைக்கு ஒரு பெண்ணையும் தம் பொறுப்பில் அவர் கொண்டுவர வேண்டும். டெவனில் அதே சொல் பண்ணை மேற்பார்வையாளரைக் குறித்தது. துணியை மிதித்துத் தடிப்பாக்கும் தொழில் தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர், வடக்கில் வாக்கர். கிரேட் யார்மத்துக்கு மேற்கே ஹால்வர்கேட் சதுப்பு நிலத்தில் 'மார்ஷ்மேன்' என்று எழுதப்பட்டவரை அங்கே வசித்தவர் என்று மட்டும் கொண்டுவிடுகிறார்கள். பிறருடைய மாடுகளைக் கோடை முழுவதும் மேய்த்து, வடிகால் ஓடைகளைத் தூர்வாரிக் காப்பது அவருடைய தொழில்.