பையும் டப்பாவும் கொண்டு போங்க, பிளாஸ்டிக் வேண்டாம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் 2009-இல் வாரம் ஒரு நாள் இலவசப் பிளாஸ்டிக் பை இல்லை என்று தொடங்கினார்கள். 2011-இல் எல்லா நாளுக்கும் அதுவே ஆனது. பைக்கு 20 காசாக இருந்த கட்டணம் 2021-இல் பேரங்காடிகளில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) ஆனது. அதனால் துணிப்பை ஒன்றை மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியிலேயே மடித்து வைத்துவிடுங்கள். வீட்டில் தொங்கும் பை கடையில் உதவாது.

உண்மையான சிக்கல் குழம்புதான். நாசி கண்டார் (குழம்புகள் ஊற்றிய சோறு) தாப்பாவ், அதாவது பார்சல், வாங்கும்போது, வாய் அகன்ற எவர்சில்வர் டப்பாவை நீட்டுங்கள். வாய் குறுகலாக இருந்தால் கரண்டி உள்ளே போகாது, கடைக்காரர் சலித்துக்கொள்வார். சோற்றை அள்ளுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, இதிலேயே போடுங்க.” பொட்டலம் கட்டிய பிறகு சொன்னால் அந்தத் தாளும் பையும் வீண். குழம்புக்குத் தனியாக, ரப்பர் வளையம் உள்ள மூடியோடு சின்ன டப்பா வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் மஞ்சள் கறை எளிதில் போகாது, எவர்சில்வரே நல்லது.

சந்தையில் மீன் வாங்கவும் மூடி போட்ட டப்பாதான் சரி. துணிப்பையில் நேராகப் போட்டால் வாடை தங்கிவிடும். தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வாங்க ஃபிளாஸ்க் போதும். அப்புறம், “ஸ்ட்ரா வேண்டாம்” என்று ஆர்டரோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள்.