முதலில் ரம், அப்புறம் சுருட்டு: பெங்களூரில் புதிதாகச் சுவைக்கத் தொடங்குபவர்களுக்கு

பெங்களூரில் நம் ஆட்கள் நாலு பேர் கூடினால் ரம்மில் கோலா ஊற்றிக் குடிப்பதுதான் வழக்கம். ஓக் பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடந்து முதிர்ந்த ரம்முக்கு அது அநியாயம். அதைத் தனியாகச் சுவைக்கவும், பிறகு ஒரு சுருட்டோடு சேர்த்துப் பார்க்கவும் இங்கே வழி சொல்கிறேன். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். ரம்மின் வாசனையும் ருசியும் மனதில் பதிந்த பிறகே சுருட்டைப் பற்ற வைக்க வேண்டும். புகை முந்திக்கொண்டால் நாக்கு மரத்துவிடும், எது எதிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சுருட்டுப் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப்புற்று வர வாய்ப்பு உண்டு. மதுவும் சேர்ந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும். புகைக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இதற்காக ஆரம்பிக்க வேண்டாம், ரம்மோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் புகையிலை வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது

ஓல்டு மாங்க்கிலிருந்தே தொடங்கலாம். ஏழு வருஷம் முதிர்ந்தது, 42.8 சதவீதம் ஆல்கஹால், எங்கும் கிடைக்கும். அதற்கு அடுத்து என் தேர்வு நம்ம ஊர் அம்ருத்தின் டூ இண்டீஸ். 1948இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம் அது. கரீபியத் தீவுகளின் ரம்மோடு இங்கே வெல்லத்தில் வடித்த ரம்மைக் கலந்து இதைச் செய்கிறார்கள். கையில் கொஞ்சம் காசு இருந்தால் பார்படாஸின் மவுண்ட் கே அல்லது ஜமைக்காவின் ஆப்பிள்டன்.

லேபிளில் உள்ள எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆப்பிள்டனில் 12 வருஷம் என்றால் கலவையில் உள்ள மிக இளைய ரம்முக்கே 12 வயது. குவாத்தமாலாவின் ஸகாப்பா 23 ரம்மில் உள்ள 23 அப்படியல்ல. 6 முதல் 23 வருஷம் வரையிலான ரம்களின் கலவை அது. நிறத்தையும் நம்பாதீர்கள், கேரமல் சேர்த்தால் இளசும் கறுப்பாகிவிடும். ஊரின் சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேல் போகும். மரத்தின் சாரமும் இங்கே சீக்கிரம் இறங்கும். அதனால் நம்ம ஊரில் முதிர்ந்த சரக்கின் வயதைக் குளிர்நாட்டு வயதோடு ஒப்பிடக் கூடாது.

சர்க்கரை சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு வழி: நாலைந்து சொட்டு ரம்மைச் சின்னத் தட்டில் விட்டு இரவு முழுக்க உலர விடுங்கள். காலையில் விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் சர்க்கரை இருக்கிறது என்று அர்த்தம்.

சுவைப்பது

எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், வாய் குறுகிய சின்ன ஒயின் கிளாஸ் போதும். 30 மில்லி ஊற்றிப் பத்து நிமிஷம் அப்படியே வையுங்கள். ஐஸ் போட்டால் வாசனை அடங்கிவிடும். காரமான மிக்சர், ஊறுகாய் எல்லாம் தள்ளியே இருக்கட்டும். பக்கத்தில் தண்ணீர் மட்டும்.

கிளாஸை மோவாய்க்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். மூக்கை உள்ளே விட்டால் ஆல்கஹால் நெடிதான் ஏறும். மெல்ல மெல்ல மேலே கொண்டு வாருங்கள். முதலில் வெல்லப்பாகு வரும். அப்புறம் வெனிலாவும் கிராம்பும். இரண்டும் ஓக் மரம் தந்தவை. ஜமைக்கா ரம்மாக இருந்தால் நன்றாகக் கனிந்து கறுத்த வாழைப்பழ வாடை தூக்கலாக இருக்கும். அங்கே பல நாள் புளிக்க விடுவதால் வருவது அது. என்ன தோன்றுகிறதோ அதை உங்கள் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். பனங்கருப்பட்டி, வறுத்த தேங்காய், பாட்டி வீட்டு மரப்பெட்டி, எதுவும் தப்பில்லை.

முதல் மடக்கை நாக்கைப் பழக்கத்தான் குடிக்கிறோம், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது மடக்கைப் பத்து விநாடி வாயில் சுழற்றி விழுங்கி, மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். விழுங்கிய பிறகு எந்த ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். நல்ல ரம்முக்கு அடையாளமே இந்தப் பின்ருசிதான். கடைசியாக இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடியும் முகர்ந்தால், மறைந்திருந்த ஒன்றிரண்டு வாசனைகள் வெளியே வரும்.

சுருட்டு

வெறும் வயிற்றில் கூடாது, நிக்கோட்டின் தலைசுற்ற வைக்கும். திருச்சிச் சுருட்டு நம்ம ஊர்ப் பெருமைதான், ஆனால் முதல்முறைக்குக் காட்டம் அதிகம். கனெக்டிகட் என்ற வெளிர்நிற மேலிலை சுற்றிய, ரொபஸ்டோ எனப்படும் ஐந்து அங்குலத் தடித்த சுருட்டு ஒன்று வாங்குங்கள். மார்ச், ஏப்ரலில் இந்த ஊர்க் காற்று வறண்டிருக்கும். ஈரப்பதம் காக்கும் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைக்காவிட்டால் இலை வெடித்துவிடும்.

தொப்பி போல் மூடியிருக்கும் முனையில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள். மறுமுனையை கேஸ் லைட்டரின் தீயில் படாமல் காட்டி, சுற்றிச் சுற்றிச் சூடேற்றிப் பற்ற வையுங்கள். மொட்டைமாடியில் என்றால் தண்ணீர்த் தொட்டி மறைவில் உட்காருங்கள், காற்றடித்தால் ஒரு பக்கமாக எரியும். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு போதும், அதற்கு மேல் இழுத்தால் சூடேறிக் கசக்கும்.

புகையை வாயில் வைத்து வெளியே விட்டு, சில விநாடி கழித்து ஒரு சின்ன மடக்கு ரம். முன்பு எழுதி வைத்ததில் எது மறைந்தது, எது தூக்கலானது என்று பாருங்கள். காட்டத்துக்குக் காட்டம், மென்மைக்கு மென்மை என்பதே ஜோடி சேர்க்கும் கணக்கு. மவுண்ட் கே வெளிர்நிறச் சுருட்டோடு ஒத்துப்போகும். கயானாவின் கனமான டெமராரா ரம்முக்குக் மதுரோ என்ற கறுத்த மேலிலை சுற்றிய சுருட்டுதான் தாக்குப்பிடிக்கும். ரம் தித்திப்பு தூக்கலானது என்றால் கசப்புச் சாயல் உள்ள சுருட்டாகப் பாருங்கள்.

கடைசி மூன்றிலொரு பங்கில் காட்டம் ஏறும். கசந்தால் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, நசுக்காமல் சாம்பல் கிண்ணத்தில் வைத்தால் தானே அணையும். அடுத்த முறை அதே ரம்மை வைத்துக்கொண்டு சுருட்டை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் வித்தியாசம் எதனால் வந்தது என்று தெரியாது.