வீஎம்வேரில் மறந்துபோன ஒரு வரியை நீக்குவது எப்படி?

கொக்குவிலில் தங்கச்சியின் மடிக்கணினியில், வீஎம்வேர் என்ற மென்பொருளுக்குள் ஓடும் உபுண்டு மெய்நிகர் கணினி (கணினிக்குள் இன்னொரு கணினி) திறக்க மறுத்தது. நினைவகம் போதாதாம். 8 ஜிபி ரேமில் உபுண்டுவுக்குக் கொடுத்தது 3 ஜிபிதான். கிண்டிப் பார்த்தால் குற்றவாளி நான்! சுழலும் ஹார்ட் டிஸ்க் காலத்தில் அந்த மெய்நிகர் கணினியின் அமைப்புக் கோப்பில் நான் எழுதிய ஒரு வரி, ஃபோல்டரோடு சேர்ந்து அவளிடம் போயிருக்கிறது.

வின்டோஸில் வீஎம்வேர் வொர்க்ஸ்டேஷன், மெய்நிகர் கணினியின் ரேம் அளவுக்கே ஒரு 'வீமெம்' கோப்பை டிஸ்க்கில் உருவாக்கி அதை நினைவகமாகப் பொருத்திக்கொள்ளும். பழைய டிஸ்க்குகள் இதில் திணறும். 'மெயின்மெம், புள்ளி, யூஸ்நேம்ட்ஃபைல்' என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்கினால் அந்தக் கோப்பு வராது. நான் எழுதிய வரி இதுதான். பாரம் வின்டோஸின் பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது வின்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் கோப்பு) கணக்கில் ஏறும். தங்கச்சியோ எஸ்எஸ்டியில் இடம் மிச்சம் பிடிக்கப் பேஜ் ஃபைலை 1 ஜிபியாகக் குறுக்கி வைத்திருந்தாள். பிறகு எப்படித் திறக்கும்?

சரி, வரியை எடுப்போம்.

படி 1: உபுண்டுவை உள்ளிருந்தே ஷட் டவுன் செய்யுங்கள். சஸ்பென்ட் போதாது. கரன்ட் போன அவசரத்தில் எப்போதோ சஸ்பென்ட் செய்திருந்தால், முதலில் எழுப்பி ஒழுங்காக அணையுங்கள். பிறகு வீஎம்வேரையும் மூடுங்கள்.

படி 2: மெய்நிகர் கணினியின் ஃபோல்டரைத் திறந்து, 'வீஎம்எக்ஸ்' என்று முடியும் கோப்பைத் தேடுங்கள். வின்டோஸ் அந்த வால்களை மறைத்திருந்தால், வியூ மெனுவில் காட்டச் சொல்லுங்கள். 'வீஎம்எக்ஸ்எஃப்' வேறு கோப்பு. 'வீஎம்டிகே' மேல் கையே வைக்காதீர்கள். உங்கள் வேலையெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

படி 3: அந்தக் கோப்பை வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

படி 4: நோட்பேடில் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் அழித்துச் சேமியுங்கள். பக்கத்தில் 'மெம்ட்ரிம்ரேட்' போன்ற பழைய வரிகள் இருக்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கினால், ஏதாவது பிசகினால் எதனால் என்று தெரியாது.

படி 5: டிஸ்க்கில் உபுண்டுவின் ரேம் அளவுக்காவது, இங்கே 3 ஜிபி, காலியிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இயக்குங்கள். ஓடும்போது ஃபோல்டரில் அதே அளவில் வீமெம் கோப்பு தெரிய வேண்டும்.

தெரியவில்லையா? புரோகிராம்டேட்டாவுக்குள் வீஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ஃபோல்டரில் உள்ள 'கான்ஃபிக்' கோப்பிலும் அதே வரி ஒளிந்திருக்கலாம். அப்புறம், பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்பு சேமித்து வைத்த நிலைக்கு) திரும்பினால் அன்றைய அமைப்புகளும் கூடவே திரும்பும். அப்போது வீஎம்எக்ஸ் கோப்பை மறுபடி திறந்து பாருங்கள்.