காரில் தீயணைப்பான் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், ஊர் எதுவும் அருகில் இல்லாத ஓர் இடத்தில் காரின் பானெட்டிலிருந்து புகை எழும்பினால், 101-ஐயோ 112-ஐயோ அந்த நொடியே அழைத்தாலும் தீயணைப்பு வண்டி வந்து சேர நேரம் பிடிக்கும். அதற்குள் நெருப்பு எஞ்சின் அறையைக் கடந்து இருக்கைகள் வரை வந்துவிடக்கூடும். அந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான் வண்டியில் சிறிய தீயணைப்பான் ஒன்று இருக்க வேண்டும் என்கிறோம். பேருந்துகளுக்கு இது கட்டாயம். சொந்தக் காருக்குக் கட்டாயம் இல்லாததால் பலர் வாங்குவதே இல்லை. வாங்கியவர்களிலும் பெரும்பாலோர், வாங்கியதோடு கடமை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள்.

தவறுகளில் முதலாவதும் மிகப் பரவலானதும் அதை வைக்கும் இடம். டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், ஊருக்குக் கொண்டுபோகும் பைகளுக்கு அடியில் கிடக்கும் தீயணைப்பானால் பயன் இல்லை. பின்பக்கம் மோதப்பட்ட வண்டியில் டிக்கி திறக்காமலே போகலாம். திறந்தாலும், பைகளை இறக்கி வைத்துத் தேடும் நேரத்தில் தீ கைமீறிவிடும். ஓட்டுநர் தன் இருக்கையில் அமர்ந்தபடியோ, கதவைத் திறந்து வெளியே நின்றபடியோ கையை நீட்டி எடுக்கக்கூடிய இடமே சரியான இடம். பக்கத்து இருக்கையின் முன்விளிம்புக்குக் கீழே, இருக்கையின் சட்டத்தோடு பொருத்துவது பெரும்பாலான கார்களுக்கு ஒத்துவரும்.

ஆனால் கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காக அதைக் கட்டாமல் இருக்கைக்கு அடியில் உருட்டிவிடுவது, டிக்கியில் போடுவதைவிட ஆபத்தானது. ஒரு கிலோ பவுடர் கொண்ட தீயணைப்பானின் மொத்த எடை, இரும்பு உருளையையும் சேர்த்தால், அதைவிட அதிகம். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது அது உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் தீயே இல்லாமல் விபத்து நேரும். மோதலின்போது பறந்து வந்தால் பயணியின் தலையை உடைக்கும். ஆகவே இரும்புப் பட்டையுடன் கூடிய தாங்கியை வாங்கி, போல்ட் போட்டு முடுக்க வேண்டும். ஒட்டும் வெல்க்ரோ பட்டைகளை இதற்கு நம்ப வேண்டாம். ஏர்பேக் விரியும் பாதையிலும் பின் இருக்கைக் குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்திலும் பொருத்தக் கூடாது. ஓடும் காருக்குள் பவுடர் பீறிட்டால் ஓட்டுநருக்குச் சாலை தெரியாது.

எதை வாங்குவது என்பதிலும் குழப்பம் உண்டு. காரில் துணி, ரப்பர், பிளாஸ்டிக் போன்ற திடப்பொருள்களும், பெட்ரோல், டீசல், எஞ்சின் ஆயில் போன்ற திரவங்களும், சில வண்டிகளில் எரிவாயுவும் இருப்பதால், இம்மூன்று வகைத் தீக்கும் பொருந்தும் ஏபிசி வகை உலர் பவுடரே ஏற்றது. மோனோ அம்மோனியம் பாஸ்பேட் என்னும் அந்தப் பவுடர் மின்சாரத்தையும் கடத்தாது. கார்பன் டை ஆக்சைடு வகை சுத்தமானது என்று சிலர் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் காற்று வீசும் திறந்த வெளியில் அந்த வாயு கலைந்துபோகும், மூடிய காருக்குள்ளோ மூச்சுத் திணற வைக்கும், உருளையும் கனமானது. வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15683 என்னும் தர எண்ணும் உருளையின் மேல் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அழகுக்காக விற்கப்படும் சிறிய ஸ்ப்ரே கேன்களை மட்டும் நம்பிப் பயணம் செய்வதை நான் ஏற்கமாட்டேன். அவற்றில் பல, 50 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்தில் வைக்கக் கூடாது என்று தங்கள் மேலேயே எச்சரிக்கை தாங்கி வருகின்றன. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். எந்த வகையாக இருந்தாலும், வெயில் நேராக விழும் டேஷ்போர்டின் மேலும் பின்கண்ணாடிக்குக் கீழும் வைக்கவே கூடாது.

பராமரிப்பில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாதது. அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நின்றால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். முள் காட்டுவது உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தத்தை மட்டுமே. பவுடரின் நிலையை அது காட்டாது. மாதக்கணக்கில் வண்டியின் அதிர்வில் ஆடிக்கொண்டே இருக்கும் பவுடர் அடியில் படிந்து இறுகிவிட்டால், பிடியை அழுத்தும்போது வாயு மட்டும் வெளியேறும். மாதம் ஒருமுறை அதைத் தாங்கியிலிருந்து கழற்றி, தலைகீழாகப் பிடித்து, அடிப்பாகத்தை உள்ளங்கையால் சில தடவை தட்டிப் பவுடர் நகர்வதை உணர வேண்டும். அப்போதே முள், சேஃப்டி பின், அதைக் கட்டியிருக்கும் முத்திரை, குழாய் வாயில் அடைப்பு, உருளையில் துரு ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். வேலை செய்கிறதா என்று அறிய ஒருமுறை லேசாக அழுத்திப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்: வால்வு வழியே பவுடர் சிறிது வெளிவந்தாலும், துகள்கள் அதன் வாயில் சிக்கி முழுதாக மூட விடாமல் தடுக்கும், அழுத்தம் மெல்லக் கசிந்து சில நாளில் தீர்ந்துவிடும்.

உண்மையிலேயே தீப்பிடித்த நேரத்தில், தீயணைப்பானை எடுப்பதையே முதல் வேலையாகக் கொள்வது பெரிய பிழை. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைப்பது முதல் வேலை. அப்போதுதான் எரிபொருள் பம்ப் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் அனைவரையும் போக்குவரத்து ஓடாத பக்கமாக இறக்கித் தொலைவுக்கு அனுப்புவது அடுத்தது. ஒருவர் அவசர எண்ணை அழைக்கட்டும். எல்லோரும் வெளியே வந்தபின், தீ சிறியதாக இருந்தால் மட்டுமே அணைக்க முயல வேண்டும்.

இந்த இடத்தில் பானெட்டைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் புகையைக் கண்டதும் ஓடிப்போய்ப் பானெட்டை முழுதாகத் தூக்குவது அனேகமாக எல்லோரிடமும் இருக்கும் இயல்பு. மூடிய பானெட்டுக்குள் காற்று குறைவாக இருப்பதால் தீ ஓரளவு அடங்கி எரிந்துகொண்டிருக்கும். திறந்த கணமே காற்று உள்ளே பாய்ந்து, சுடர் திறந்தவரின் முகத்தை நோக்கி எழும். உள்ளிருந்து நெம்புகோலை இழுத்துப் பானெட்டைக் கொக்கியளவுக்கு மட்டும் விடுவித்துவிட்டு, கிடைக்கும் அந்தச் சிறு இடைவெளி வழியாகவோ, முன்கிரில் வழியாகவோ, சக்கர வளைவின் அடியிலிருந்தோ பவுடரைப் பாய்ச்ச வேண்டும். நிற்கும் இடமும் முக்கியம். பம்பரின் உள்ளே இருக்கும் அதிர்வு தாங்கிகளும், பானெட்டையும் டிக்கியையும் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டுகளும் சூட்டில் வெடித்துத் தெறிக்கலாம் என்பதால், வண்டிக்கு நேர் முன்னாலோ நேர் பின்னாலோ நிற்காமல், மூலைப் பக்கமாக, காற்று உங்கள் முதுகில் படும்படி, ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

பின்னை இழுத்து, குழாயைத் தீயின் அடியை நோக்கித் திருப்பி, பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக அசைக்க வேண்டும். உயரே தெரியும் சுடரின் மேல் அடித்தால் பவுடர் வீணாகும். ஒரு கிலோ தீயணைப்பான் 10 நொடிகளுக்குள் தீர்ந்துவிடும் என்பதை வாங்கும் நாளிலேயே மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். அது தீர்ந்தும் தீ அணையவில்லை என்றால், அல்லது தீ இருக்கைப் பகுதிக்குள் வந்துவிட்டாலோ பெட்ரோல் டேங்க்கை நெருங்கினாலோ, விலகிச் செல்வது ஒன்றே வழி. எரியும் இருக்கைகளிலிருந்து வரும் கரும்புகையே ஆளை வீழ்த்தப் போதும். பர்ஸுக்காகவோ ஆர்.சி. புத்தகத்துக்காகவோ திரும்பிப் போகக் கூடாது. கையில் இருக்கும் குடிநீர் பாட்டிலை எரியும் பெட்ரோலின் மேல் கவிழ்ப்பதும் தவறு. பெட்ரோல் தண்ணீருக்கு மேலே மிதந்து, தீயையும் கூடவே பரப்பும்.

சிஎன்ஜி, எல்பிஜி வண்டிகளில் கசியும் வாயு எரிந்துகொண்டிருக்கும்போது, வால்வை மூட முடியாத நிலையில் சுடரை மட்டும் அணைத்தால், கசிவு தொடர்ந்து, சேர்ந்த வாயு பின்னர் ஒரே வீச்சில் வெடிக்க வாய்ப்பு உண்டு. மின்சாரக் கார்களில் பேட்டரியே பற்றிக்கொண்டால் ஏபிசி பவுடரால் பயன் மிகக் குறைவு. லித்தியம் அயன் பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் தன் வெப்பத்தால் அடுத்ததைப் பற்றவைத்துக்கொண்டே போகும். அதைக் குளிர்விக்கத் தீயணைப்புத் துறையின் தண்ணீர் வண்டி வேண்டும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு என்னும் நச்சு வாயுவும் இருக்கும். அணைந்ததாகத் தோன்றிய பேட்டரி மணிக்கணக்கு கழித்து மீண்டும் பற்றியதும் உண்டு. எனவே மின்சாரக் காரில் வைத்திருக்கும் தீயணைப்பான், வயரிங்கிலோ இருக்கையிலோ பிடிக்கும் சிறு தீக்கு மட்டுமே.

தீ அணைந்த பிறகும் தவறுகள் தொடர்கின்றன. வண்டி கிளம்புகிறதா என்று சாவியைத் திருப்பிப் பார்ப்பவர்கள் உண்டு. உருகிய வயரில் மின்சாரம் பாய்ந்தால் மறுபடியும் பற்றிக்கொள்ளும். சூடு முற்றிலும் தணிந்தபின் பேட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியைக் கட்டி இழுத்துத்தான் பணிமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஈரத்தோடு சேர்ந்த பவுடர் உலோகத்தையும் மின் இணைப்புகளையும் அரிக்கும் என்பதால், காப்பீட்டு ஆய்வுக்குப் புகைப்படம் எடுத்தபின், காலம் தாழ்த்தாமல் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். அரை நொடி மட்டுமே அடித்திருந்தாலும் அந்தத் தீயணைப்பானைத் திரும்பத் தாங்கியில் மாட்டாமல், அங்கீகாரம் பெற்ற நிரப்பு நிலையத்தில் கொடுத்து நிரப்பி, நிரப்பிய தேதி எழுதிய சீட்டு ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.