டயரை மாற்றியபின் ஸ்பீடோமீட்டரில் நடக்கும் தப்புகள்

போன வாரம் தண்டையார்பேட்டையில் ஒரு ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி பழைய ஜீப்போடு வந்தான். 215/75 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போட்டிருந்தான். மீட்டர் குறைவாகக் காட்டுகிறதாம், கையில் புது பினியன், அதாவது மீட்டர் கேபிளைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம். பல்லை எண்ணினேன்: 25. வண்டியில் இருந்தது 24. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே கூத்து.

டயர் நம்பரைத் தப்பாகப் படிப்பது மாதிரியான சில்லறைத் தப்புகளை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை பட்டால் தானாக வரும்.

பெரிய டயருக்குப் பெரிய பினியன்

பழைய டயரின் உயரம் 703.5 மில்லிமீட்டர், புதியது 733.5. வித்தியாசம் சுமார் 4.3 சதவீதம். சக்கரம் பெரிதானால் ஒரு கிலோமீட்டருக்குக் குறைவாகத்தான் சுற்றும். மீட்டருக்கோ சுற்று மட்டும்தான் தெரியும், அதனால் வேகத்தைக் குறைத்துச் சொல்லும். ஆக, கேபிள் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அதற்குக் கேபிளைச் சுழற்றும் பினியனில் பல் குறைய வேண்டும். 24-க்குப் பதில் 23 போட்டால் 4.35 சதவீதம் கூடும். அளவெடுத்துத் தைத்த மாதிரி.

எனக்கு மெக்கானிக் அண்ணன் ‘பெருசுக்குப் பெருசு’ என்றார், தலையாட்டினேன். மீஞ்சூர் பக்கம் வெளிவட்டச் சாலையில் விடியற்காலையில் ஓட்டிப் பார்த்தேன். ஜிபிஎஸ் 60 சொல்லும்போது முன்பு 57-ஐத் தாண்டி நின்ற முள், இப்போது 55-இல். கேபிளில் கோளாறு என்று கேபிளை மாற்றினேன். அப்புறம் மீட்டரையே பிரித்தேன், முள் வளைந்ததுதான் மிச்சம். பினியனைக் கழற்றி எண்ணிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை! இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்ணும்போது எண்ணெயைத் துடைத்துவிட்டு ஒரு பல்லில் நெயில் பாலிஷ் பொட்டு வையுங்கள். இல்லாவிட்டால் எங்கே ஆரம்பித்தோம் என்பதே மறந்துபோகும்.

மாற்றும் முன் பார்க்காமல் விடுவது

கம்பெனி மீட்டர் பெரும்பாலும் நிஜ வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். பெரிய டயர் போட்டதும் அதுவே சரியாகிவிடலாம். பழைய டயர் இருக்கும்போதே ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுக் குறித்துவையுங்கள். என்னுடையது சரியாக இருந்ததை நான் முதலிலேயே பார்த்து வைத்திருந்தேன். உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

காற்று

அளக்கும் முன் அடித்துவிடுங்கள்.

பைக்கின் பின் டயர்

கேபிள் முன் சக்கரத்திலிருந்து வந்தால், பின்னால் எவ்வளவு தடியாகப் போட்டாலும் மீட்டருக்குக் கவலையில்லை.

ஓடோமீட்டரை மறப்பது

பினியனை மாற்றாமல் ஓட்டினால், மீட்டரில் 10,000 கிலோமீட்டர் என்றால் வண்டி ஓடியிருப்பது ஏறத்தாழ 10,430. ஆயில் மாற்றுவது தள்ளிப்போகும், மைலேஜும் குறைந்த மாதிரி தெரியும். அதற்காகக் கார்புரேட்டரைத் திட்டாதீர்கள்.

சென்சார் வண்டி

கேபிளுக்குப் பதில் சென்சார் வேகத்தைச் சொல்லும் வண்டியில் பெரும்பாலும் பினியன் இருக்காது. சில வண்டிகளில் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) மாட்டி டயர் அளவை மாற்றலாம், எல்லாவற்றிலும் முடியாது. டயர் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி பினியனைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு புதுப்பேட்டைக்குக் கிளம்பினான். “கடையில திருப்பி எடுத்துக்குவாங்களாண்ணா?” என்றான். என்னுடையது இன்னும் டூல் பாக்ஸில்தான் கிடக்கிறது.