கம்ப்யூட்டரில் சிசிடிவி பதிவு: எதை வாங்குவது, பதிவு நின்றால் எங்கே தேடுவது

என் சித்தப்பா எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் மாலை கணக்குப் பார்க்கும்போது ஒயர்ச் சுருளில் ஒரு கட்டு குறைகிறது. உடனே எனக்குப் போன், நானும் போய் உட்கார்ந்தேன். திரையில் எட்டுக் கேமராவும் பளிச்சென்று ஓடுகிறது, பிளேபேக்கைத் திறந்தால் கடைசிப் பதிவு பதினோரு நாளுக்கு முந்தையது. "எட்டும் ஓடுதேடா, அப்புறம் எப்படி இல்லைங்கிற?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஹார்ட் டிஸ்க் எழுத்தை ஏற்பதை நிறுத்தி பதினோரு நாள் ஆகியிருந்தது. மென்பொருள் அதை ஒரு மூலையில் சின்ன சிவப்புக் குறியாகக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை.

படம் தெரிவது வேறு, பதிவாவது வேறு. சிசிடிவியில் வருகிற முக்கால்வாசி ஏமாற்றம் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் வருகிறது. கீழே நான் சொல்வதெல்லாம் அந்தப் பதினோரு நாள் திரும்ப வரக்கூடாது என்பதற்காக.

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களுக்குக் கம்ப்யூட்டர் தேவையா? வீட்டில் நாலு கேமரா, ஒரே பிராண்டு, கவனிக்க ஆள் இல்லை என்றால் பேசாமல் ஒரு என்விஆர் பெட்டி (கம்ப்யூட்டர் இல்லாமல் தானே பதிவு செய்வது) வாங்கிவிடுங்கள். கம்ப்யூட்டர் எப்போது நல்லது என்றால், ஆளுக்கொரு பிராண்டு கேமரா இருக்கும்போது, இரண்டு மூன்று டிஸ்க் போட்டு நிறைய நாள் வைக்க வேண்டியிருக்கும்போது, "நேற்று இரவு வாசலுக்கு ஆள் வந்தது மட்டும் காட்டு" என்று தேட வேண்டியிருக்கும்போது, அப்புறம் எது கெட்டாலும் அந்த ஒரு பாகத்தை மட்டும் பக்கத்துக் கடையில் வாங்கி மாற்றிக்கொள்ள நினைக்கும்போது. பதிலுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது கவனிப்பு. வாரம் ஐந்து நிமிடம்கூட முடியாது என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள்.

பழைய அனலாக் கேமராக்களை வைத்துக்கொண்டு, படத்தைக் கம்ப்யூட்டருக்குள் வாங்க பிசிஐ ஸ்லாட்டில் சொருகும் கேப்சர் கார்டு இன்னும் கிடைக்குமா என்று சிலர் தேடுகிறார்கள். வேண்டாம். புது மதர்போர்டில் அந்த ஸ்லாட்டே பெரும்பாலும் கிடையாது, டிரைவரும் 64 பிட் விண்டோஸில் படுத்தும். அந்தக் கேமராக்களின் கோஆக்சியல் கேபிளை ஒரு சாதாரண டிவிஆரில் (அனலாக் கேமராவைப் பதிவு செய்யும் பெட்டி) கொடுங்கள். இன்றைய டிவிஆர்கள் அநேகமாக எல்லாமே ஒவ்வொரு சேனலையும் ஆர்டிஎஸ்பி என்கிற வீடியோ அனுப்பும் முறை வழியாக வெளியே தரும், அதைக் கம்ப்யூட்டரில் இழுத்துக்கொள்ளலாம்.

எந்த மென்பொருள்?

விண்டோஸ் மட்டும்தான் தெரியும் என்றால் புளூ ஐரிஸ். பணம் கொடுத்து வாங்க வேண்டும், ஆனால் முழு உரிமத்தில் 64 கேமரா வரை சேர்க்கலாம், கேமராவுக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் கட்ட வேண்டாம். எட்டுக் கேமராவுக்குள் முடிகிற கடை என்றால் மைல்ஸ்டோன் எக்ஸ்புரொடெக்ட்டின் எசென்ஷியல் பிளஸ் இலவசம், ஒன்பதாவது வந்தால்தான் செலவு. லினக்ஸும் டாக்கரும் கைக்குப் பழக்கம் என்றால் யோசிக்காமல் ஃப்ரிகேட் போடுங்கள். இலவசம், ஆள், வண்டி, நாய் என்று பிரித்துத் தரும், இந்த வேலையை இன்டெல் பிராசசரில் உள்ள கிராஃபிக்ஸிலேயே ஓட்டலாம். ஸோன்மைண்டர் நீண்ட காலமாக இருக்கிறது, நம்பகமானது, ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதைச் சொல்வதில்லை. எதை எடுத்தாலும் வாங்கும் கேமராவில் ஆர்டிஎஸ்பியும் ஓன்விஃபும் (வெவ்வேறு பிராண்டுகள் ஒன்றோடொன்று பேசும் பொது முறை) உண்டா என்று பாருங்கள். தன் போன் செயலி வழியாக மட்டும் பேசுகிற வைஃபை கேமராக்கள் இந்த வேலைக்கு ஆகாது.

இந்தியாவில் கேமரா வாங்குபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்களுக்கு எஸ்டிகியூசி (மத்திய அரசின் சோதனை அமைப்பு) பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயம். பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்க்கிற கடையில், மாடல் எண்ணைச் சொல்லிச் சான்றைக் கேளுங்கள்.

கம்ப்யூட்டர்

புதிது வேண்டியதில்லை. அலுவலகங்களில் இருந்து கழித்துவிட்ட 8-ஆம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப் ஒன்று எட்டுப் பத்துக் கேமராவுக்குத் தாராளம். இன்டெலின் குவிக் சிங்க் (பிராசசரின் கிராஃபிக்ஸில் உள்ள வீடியோ பகுதி) இருந்தால் வீடியோவைப் பிரிக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும், பிராசசருக்கு மூச்சு வாங்காது. மாடல் எண் "எஃப்" என்று முடிந்தால் அதில் கிராஃபிக்ஸே கிடையாது, அதை வாங்காதீர்கள். குட்டிப் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரே ஒரு 3.5 அங்குல டிஸ்க்குக்குத்தான் இடம் இருக்கும், ஆகவே இடம் கொஞ்சம் அடைத்தாலும் டவர் வகையைத் தேடுங்கள். விண்டோஸும் மென்பொருளும் ஒரு எஸ்எஸ்டியில், ஃபுட்டேஜ் தனி டிஸ்க்கில். இரண்டையும் ஒன்றில் போட்டால் அந்த டிஸ்க் போகும்போது எல்லாமும் போகும்.

பிராசசர் எப்போதும் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது என்றால் புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் முன் ஓர் அமைப்பைப் பாருங்கள். கேமரா அனுப்புவதை அப்படியே டிஸ்க்கில் எழுதுகிறதா, இல்லை பிரித்து மறுபடி சுருக்கி எழுதுகிறதா? அப்படியே எழுதுவதற்குப் புளூ ஐரிஸில் டைரக்ட் டு டிஸ்க் என்று பெயர். மென்பொருளில் தேதியையும் கடைப் பெயரையும் படத்தின் மேல் பதிக்கச் சொல்லியிருந்தால் மறுபடி சுருக்காமல் வழியில்லை. அந்த எழுத்தைக் கேமராவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பெட்டியாகத் திரையில் காட்டுவதற்கும் அசைவைக் கண்டுபிடிப்பதற்கும் சப் ஸ்ட்ரீம், அதாவது கேமரா கூடவே அனுப்பும் சின்ன, தரம் குறைந்த படம், போதும். இந்த இரண்டை மாற்றினாலே பெரும்பாலும் பாரம் பாதிக்கு மேல் இறங்கிவிடும்.

டிஸ்க் கணக்கு, இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள்

கணக்கு சுலபம். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் அது அரை மெகாபைட். ஒரு நாளுக்கு 86,400 நொடி, ஆக 43 ஜிபி. எட்டுக் கேமரா என்றால் நாளுக்கு 346 ஜிபி, 30 நாளுக்கு 10 டெராபைட்டுக்கு மேல். கடைக்காரர் 4 டெராபைட் போட்டு "ஒரு மாசம் நிற்கும்" என்று சொன்னால் எப்படி என்று கேளுங்கள், பத்துப் பதினோரு நாள்தான் நிற்கும். எச்.265 என்கிற சுருக்கும் முறை போட்டால் ஏறக்குறைய பாதி ஆகும். நான் செய்வது வேறு: நொடிக்கு 512 கிலோபிட்டில் சப் ஸ்ட்ரீம் 24 மணி நேரமும், முழுத் தரமான மெயின் ஸ்ட்ரீம் அசைவு இருக்கும்போது மட்டும். சப் ஸ்ட்ரீம் கேமராவுக்கு நாளுக்கு ஐந்தரை ஜிபிதான், எட்டுக்கும் ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 1.3 டெராபைட்தான். அசைவைக் கேமரா தவற விட்டாலும் அடியில் மங்கலாகவாவது ஒரு பதிவு இருக்கும்.

4 டெராபைட் டிஸ்க்கை விண்டோஸ் 3.63 என்றுதான் காட்டும். மென்பொருளில் "4 வரை பயன்படுத்து" என்று கொடுத்தால் அது பழையதை அழிக்க வேண்டிய நேரம் வருவதற்குள் டிஸ்க் நிரம்பிப் பதிவு நின்றுவிடும். 3.2 என்று கொடுங்கள். டிஸ்க் வகையும் முக்கியம்: எஸ்எம்ஆர் முறையில் (தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி) எழுதும் சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகள் ஓயாமல் எழுதி அழிக்கும்போது திணறி, ஃபிரேமை, அதாவது நடுவில் சில படங்களை, விடும். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை இந்த வேலைக்கென்றே வருபவை, கொஞ்சம் கூட ஆனாலும் அதையே வாங்குங்கள்.

அழிக்கும் அமைப்பைப் பற்றிப் பேசும்போது சாத்தான்குளம் காவல் நிலையத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2020 ஜூனில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அந்தக் காவல் நிலையத்தில் சித்திரவதை செய்யப்பட்டு இறந்த பிறகு, நீதித்துறை நடுவர் விசாரிக்கப் போனபோது 1 டெராபைட் இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி அமைப்பு வைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம் வைக்க வேண்டும் என்று சொன்னது. எத்தனை நாள் வைப்பது என்பது மென்பொருளில் ஒரே ஒரு கட்டம், ஒரு எண். உங்கள் இடத்தில் அந்த எண் என்ன என்று இன்றைக்கே திறந்து பாருங்கள்.

பிரச்சினை வந்தால்

கேமரா வரவில்லை என்றால் மென்பொருளை நோண்டாதீர்கள், கேமராவின் ஐபி முகவரியை பிரவுசரில் அடித்துப் பாருங்கள். அங்கே படம் வந்தால் கோளாறு மென்பொருளில்: பாஸ்வேர்டு, ஆர்டிஎஸ்பி பாதை, 554 என்கிற போர்ட். அங்கேயும் வரவில்லை என்றால் கேபிளோ சப்ளையோ. ரூட்டர் அணைந்து எரிந்த பிறகு மட்டும் காணாமல் போகிறது என்றால் முகவரி மாறியிருக்கும். ஒவ்வொரு கேமராவுக்கும் நிலையான முகவரி கொடுத்துவிட்டால் அது தீர்ந்தது.

பகலில் நன்றாக ஓடி, இரவில் மட்டும் விட்டு விட்டு வருகிற கேமராவுக்கு ஏறக்குறைய எப்போதும் ஒரே காரணம்தான், மின்சாரம் போதவில்லை. பகலில் 4, 5 வாட் இழுக்கும் கேமரா இரவுப் பார்வைக்கான ஐஆர் விளக்கு எரிந்ததும் 8, 10 வாட் கேட்கும். நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும் எட்டுப் போர்ட் பிஓஇ ஸ்விட்சின் மொத்தத் திறன் 60 வாட் என்றால் எட்டும் சேர்ந்து கேட்கும்போது அதால் முடியாது, ஏதோ ஒன்று அணைந்து எரியும். ஸ்விட்ச் சரி என்றால் கேபிளைப் பாருங்கள். செம்பு என்று சொல்லி விற்கிற நிறைய கேபிள் செம்பு பூசிய அலுமினியம்தான். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். தூரம் கூடக் கூட அதில் வோல்ட் இறங்கிவிடும். 12 வோல்ட் அடாப்டர் போட்ட கேமராவாக இருந்தால் இரவில், கேமரா முனையில், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அடாப்டர் பக்கம் அளந்தால் எதுவும் தெரியாது.

இரவு முழுக்க அசைவு, அசைவு என்று டிஸ்க் நிரம்பினால் ஏணி போட்டு ஏறிக் கேமராவைப் பாருங்கள். சிலந்தி கூடு கட்டியிருக்கும். ஐஆர் வெளிச்சத்தில் அந்த நூல் ஒன்று ஆடினாலே கேமராவுக்கு அது பெரிய அசைவு. அதே ஏணியில் நிற்கும்போது ஜாயிண்டையும் பாருங்கள், எறும்பு புகுந்திருக்கும், கடலோர ஊர் என்றால் பச்சை பூத்திருக்கும். கேபிள் உள்ளே நுழையும் இடத்துக்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

படம் பச்சையாக, இழுத்துக்கொண்டு வருகிறதா? ஆர்டிஎஸ்பியை யூடிபியில் இருந்து, விட்டுப்போனதை மறுபடி கேட்டு வாங்கும் டிசிபிக்கு மாற்றுங்கள். அசைவுப் பதிவில் ஆள் ஏற்கெனவே பாதி வழி வந்த பிறகுதான் தொடங்குகிறதா? கேமராவில் ஐ-ஃபிரேம் (முழுப் படமாக வரும் ஃபிரேம்) இடைவெளியை நொடிக்கான ஃபிரேம் எண்ணிக்கைக்குச் சமமாக வையுங்கள், 15 ஃபிரேம் என்றால் 15. எச்.265 பிளஸ் மாதிரி "பிளஸ்" போட்ட வகைகளை அணைத்துவிடுங்கள், அந்த நிறுவனத்தின் பெட்டிக்கு அவை சரி, வெளி மென்பொருளுக்குத் தலைவலி. அசைவுக்கு முந்தைய நொடிகளையும் சேர்த்து வைக்கும் முன்பதிவு அமைப்பில் ஐந்து நொடி கொடுங்கள்.

நேரம் சரியாக இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது என்றால் கேமரா சீன நேரத்தில் இருக்கிறது, நேர மண்டலத்தை ஜிஎம்டி +5:30-க்கு மாற்றுங்கள். கம்ப்யூட்டரே ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் பின் பழைய தேதிக்குப் போனால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்ற வேண்டும். எல்லாக் கேமராவும் கம்ப்யூட்டரிடமிருந்தே நேரம் வாங்கும்படி என்டிபி (கடிகாரங்களை ஒத்துப்போக வைக்கும் முறை) வைத்துவிடுங்கள். பத்து நிமிடம் தள்ளி நிற்கும் ஃபுட்டேஜை வைத்து நிரபராதி ஒருவரைச் சந்தேகித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கரண்ட் போய் வந்தால் தானாக எழ வேண்டும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கம்) மின்சாரம் திரும்பியதும் ஆன் ஆகும் அமைப்பு, விண்டோஸில் ஸ்லீப் நிறுத்தம், மென்பொருள் யாரும் லாகின் செய்யாமலே பின்னணியில் சர்வீஸாக ஓடுவது, இந்த மூன்றும் வேண்டும். யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரை மட்டும் மாட்டி பிஓஇ ஸ்விட்சை விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் வெறுமையைத்தான் பதிவு செய்யும். ஆன்டிவைரஸ் ஃபுட்டேஜ் ஃபோல்டரைத் தொடாதபடி விலக்கு கொடுங்கள்.

வெளியூரில் இருந்து பார்க்க ரூட்டரில் போர்ட் திறந்துவிடாதீர்கள். 2016-இல் மிராய் என்கிற தீநிரல் பெரும்பாலும் பரவியதே கம்பெனி வைத்துத் தந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்கள், டிவிஆர்கள் போன்றவற்றில்தான். டெய்ல்ஸ்கேல் அல்லது வயர்கார்டு மாதிரி விபிஎன் (பூட்டிய தனி இணையப் பாதை) போட்டால் அரை மணி நேர வேலை, போனில் அப்படியே வரும்.

போலீஸ் கேட்டால் திரையை போனில் படம் பிடித்துக் கொடுக்காதீர்கள், மூலப் பதிவை அப்படியே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் வேண்டும், அந்தப் படிவத்தில் கோப்பின் ஹேஷ் எண்ணுக்கும் (கோப்பு கொஞ்சம் மாறினாலும் மாறிவிடும், கைரேகை மாதிரியான எண்) இடம் உண்டு. எக்ஸ்போர்ட் செய்த உடனே எஸ்எச்ஏ-256 வகை ஹேஷ் எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மூல டிஸ்க்கை எதுவும் மேலெழுதாமல் கழற்றிப் பத்திரமாக வையுங்கள்.

சித்தப்பா கடையில் இப்போது ஞாயிறு காலை கடை திறக்கும் முன் அவரே உட்கார்ந்து, புதன் இரவு மூன்று மணி என்று ஏதாவது ஒரு நேரத்தை எடுத்து எட்டுக் கேமராவையும் ஓட்டிப் பார்க்கிறார், மிகப் பழைய பதிவின் தேதியைக் கல்லாப் பக்கத்து நாட்காட்டியில் எழுதிவைக்கிறார். போன மாதம் ஐந்தாவது கேமராவில் புதன் இரவு காலியாக இருந்தது. ஏறிப் பார்த்தோம், ஜாயிண்டில் எறும்பு.