அம்மாவின் ரேடியோ இப்போது மடிக்கணினியில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்து 12 வருடம் ஆகிறது. அம்மாவுக்கு இன்னும் பழைய எஸ்டேட் தோட்டத்துப் பழக்கம் போகவில்லை. பெரட்டு நேரத்துக்கே, அதாவது தோட்டத்தில் விடியுமுன் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரத்துக்கே, எழுந்துவிடுவார். எங்கள் தமிழ் வானொலி மின்னல் எஃப்எம் கேட்டால்தான் அடுப்பு பற்றும். பழைய ரேடியோ கரகரவென்று இரையத் தொடங்கியதும், இணையம் வழியாகக் கேட்கலாம் என்று, மூலையில் கிடந்த 2 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியைத் தூசி தட்டினேன். அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம், அதிலும் பழைய கணினிக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு.

பிரவுசரிலேயே கேட்கலாமே என்பீர்கள். 2 ஜிபியில் பிரவுசரைத் திறந்தாலே கணினி மூச்சு வாங்கும். பாட்டு, படம் ஓட்டும் விஎல்சி மென்பொருள் போதும். அது கணினியில் இல்லாவிட்டால், கட்டளை தட்டும் டெர்மினலில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விஎல்சி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் வந்துவிடும்.

நான் ஒரு மாலை முழுக்க மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். வானொலியின் இணையப் பக்கத்தில் 'கேட்க' என்ற இணைப்பை அழுத்தினால் பாட்டு வரவில்லை, குட்டிக் கோப்பு ஒன்று இறங்கியது. பிஎல்எஸ் அல்லது எம்3யு என்று முடியும் அந்தக் கோப்பில் ஒலியே கிடையாது. உள்ளே இருப்பது ஒலிபரப்பு வரும் இணைய முகவரி மட்டும். விஎல்சி அதை நேராகவே திறக்கும். திறக்கவில்லை என்றால் நோட்பேட் மாதிரி எதிலாவது திறந்து பாருங்கள். பிஎல்எஸ் என்றால் 'ஃபைல்1' என்று தொடங்கும் வரியில், சமக்குறிக்குப் பின்னால் இருப்பதுதான் முகவரி. எம்3யுவில் ஹேஷ் குறி போட்ட வரிகளை விட்டுவிடுங்கள், மிச்சம் இருப்பது முகவரி. எனக்கு முதல் முகவரி செத்துக் கிடந்தது, இரண்டாவது பாடியது. இணைப்பின் முகவரியே எம்3யு8 என்று முடிந்தால் பிரித்துப் பார்க்க வேண்டாம், அந்த முகவரியை அப்படியே விஎல்சியிடம் கொடுங்கள்.

கொடுப்பது எப்படி? விஎல்சியில் கன்ட்ரோலும் என்-னும் சேர்த்து அழுத்தினால் ஒரு பெட்டி வரும். அதில் முகவரியை ஒட்டிவிட்டு 'ப்ளே'. அவ்வளவுதான்.

சாயங்காலம் மழை இறங்கினால் எங்கள் லைன் தள்ளாடும், பாட்டு விக்கும். அதே பெட்டியில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறந்தால் 'கேஷிங்', அதாவது முன்கூட்டியே சேமித்து வைக்கும் நேரம், 1000 மில்லிநொடி என்று இருக்கும். நான் 10000 ஆக்கினேன். அது அந்த ஒரு தடவைக்குத்தான். நிரந்தரமாக வேண்டுமானால் விஎல்சியின் ப்ரிஃபரன்ஸஸில் (அமைப்புகளில்) 'ஆல்' போட்டு, இன்புட் பகுதியில் 'நெட்வொர்க் கேஷிங்' எண்ணை மாற்றுங்கள்.

சிம் கார்டு போட்ட மோடம் என்றால் டேட்டா கணக்கும் பார்க்க வேண்டும். நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் வரும் ஒலிபரப்பு மணிக்குச் சுமார் 58 எம்பி தின்னும், 64 என்றால் பாதி. அம்மா மாதிரி நாளுக்கு 5 மணி நேரம் கேட்டால் 128-ல் மாதம் எட்டரை ஜிபியைத் தாண்டும். பேச்சுக்கு 64 தாராளம்.

இனி அம்மாவுக்கு ஒரு பொத்தான். டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து 'கிரியேட் லாஞ்சர்'. பெயர் 'ரேடியோ'. கட்டளை இடத்தில் விஎல்சி என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு முகவரி. முதல் நாள் அம்மா பொறுமையில்லாமல் மூன்று தடவை அழுத்திவிட்டார். மூன்று அறிவிப்பாளர்கள் ஒருவர் பின்னால் ஒருவராகப் பேசினார்கள்! விஎல்சி ப்ரிஃபரன்ஸஸில் 'அலோ ஒன்லி ஒன் இன்ஸ்டன்ஸ்' என்பதைத் தேர்ந்தால் அந்தக் கூத்து நின்றுவிடும். பாட்டு நின்றுபோனால் அம்மாவுக்கு நான் சொல்லியிருப்பது ஒன்றுதான்: "மூடிட்டு மறுபடி அழுத்துங்கம்மா."

ஒன்று மட்டும். இணையத்தில் வருவது சில நொடி பிந்தித்தான் வரும், கேஷிங்கைக் கூட்டினால் இன்னும் பிந்தும். ரேடியோவில் சொல்லும் மணியை வைத்துச் சுவர்க்கடிகாரத்தைத் திருத்தாதீர்கள். அம்மா திருத்தினார்.